காரில் கிடந்த இரண்டு உறைகள்

சின்சினாட்டி
மே 28

என் அன்புள்ள கிளெல்,

இங்கே நான், என் முழங்கால், என் பழைய கார் மூவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நலமாக இருக்கிறோம். நீ தேறி வருவதாக ஜோலீன் ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்கிறாள். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறாயாம், தோட்டம் வரைக்கும் ஊன்றுகோலோடு நடக்கிறாயாம். கேட்கக் கேட்க வயிறு குளிர்கிறது. ஆனால் அந்த அரிசோனா வெயிலில் தொப்பி போடாமல் நிற்கிறாய் என்றும் சொன்னாள். ஏன் கிழவா, ஒரு கண்டத்திலிருந்து தப்பியது போதாதா?

ஜோலீன், நீதான் இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டப் போகிறாய் என்று தெரியும். நான் திட்டுகிற இடங்களை விழுங்கிவிடாதே, அம்மா. பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலது கையையும்தான் எடுத்துக்கொண்டது. காதும் மூளையும் பழையபடி இருக்கின்றன என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே காரில் ஊர் ஊராய்ப் போய் நம் கூடைப்பந்து அணிக்கு ஆட்டக்காரப் பையன்களைத் தேடியிருக்கிறோம். அத்தனை வருஷத்தில் நான் பேசி அவர் குறுக்கே விழாமல் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் விடுவேனா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 25 அன்று டிராஃப்ட். கல்லூரிப் பையன்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்து எடுக்கும் அந்த ஒரு நாளுக்காகத்தானே வருஷம் முழுக்க நாம் நெடுஞ்சாலையில் குடித்தனம் நடத்தினோம். இந்தத் தடவை எட்டு அணிகள் எடுத்த பிறகு, ஒன்பதாவதாகத்தான் நம் முறை. நம் அணி அலுவலக அறையில் சண்டை ஆரம்பித்தாயிற்று. சண்டை முழுக்க ஒரே பையனைப் பற்றித்தான். ஆன்ட்வான் மேப்ரி.

உனக்கு மறந்திருக்காது. ஆல்டர்ஃபோர்க் கல்லூரி, மலைக்குள்ளே இருக்கிற அந்தச் சின்ன அரங்கம், கூரையில் மழை ஒழுகிக் களத்தின் ஓரத்தில் வாளி வைத்திருந்தார்களே, அங்கே முப்பத்தெட்டுப் புள்ளி போட்டுவிட்டுத் தோற்றுப் போனவன். வருஷக் கடைசியில் ஆட்டத்துக்குச் சராசரி இருபத்தேழு புள்ளி வைத்திருக்கிறான். நாட்டிலேயே இரண்டாவது இடம். அவனுடைய அணி ஜெயித்தது ஒன்பது ஆட்டம், தோற்றது இருபத்தொன்று.

ஆட்டப் புள்ளிவிவரம் பார்க்கும் நம் கணக்குப்பிள்ளை எபர்சோலுக்கு அந்த இருபத்தொன்றுதான் கண்ணில் படுகிறது. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "நதீன், தோக்குற டீம்ல யாராவது ஒருத்தன் புள்ளி போட்டுத்தானே ஆகணும்? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இருபத்தேழு புள்ளிக்கு இருபத்துநாலு தடவை வளையத்தைப் பாத்து எறியறான். கூட நாலு பேர் ஆடறாங்கன்னு அவனுக்கு யாராவது சொன்னாங்களா?" என்றான். பெரியவர் டட்டிலும் மோவாயைத் தடவிக்கொண்டு, நம் அணியில் பந்து எப்போதும் டெலிஞ்சர் கையில்தான் இருக்கும், அவன் நட்சத்திரம், பந்தை விடமாட்டான், இவனும் விடமாட்டான், "ஒரே உறையில ரெண்டு கத்தியா?" என்று கேட்டார். தலைமை மேலாளர் அப்படிக் கேட்டால் மற்றவர்கள் தலையாட்டத்தானே செய்வார்கள்? அவர்கள் மனசு இப்போது ஸ்டால் என்ற ஒரு நெட்டைப் பையன்மேல் இருக்கிறது. பெரிய கல்லூரி, ஏழடி உயரம், தப்பும் செய்யமாட்டான், அதிசயமும் செய்யமாட்டான். பாதுகாப்பான பையனாம். பாதுகாப்பு வேண்டுமென்றால் பீரோ வாங்கி நிறுத்தட்டும்.

நான் மேப்ரியை நவம்பரில் நாம் சேர்ந்து பார்த்ததற்கு அப்புறம் ஆறு தடவை தனியாகப் போய்ப் பார்த்தேன். பக்கத்து இருக்கையில் குறட்டை விட நீ இல்லாமல் அந்த மலைச்சாலை எவ்வளவு நீளம் தெரியுமா? போன தடவை அவனிடமே கேட்டேன். இடது மூலையில் உன் கூட்டாளி ரஸ்க் ஆளே இல்லாமல் நிற்கிறான், வருஷம் முழுக்க ஒரு பந்துகூட அவனுக்குக் கொடுக்கவில்லையே, ஏனப்பா என்று. ஏதாவது பெரிய காரணம் சொல்வான், அதைக் கொண்டுவந்து அறையில் எல்லோரையும் அழவைக்கலாம் என்று நான் மனக்கோட்டை கட்டியிருந்தேன். அவன் என்னை நேராகப் பார்த்து, "அவன் போட்டா உள்ள போகாதுங்க மேடம். நான் போட்டா போகும்" என்றான். அவ்வளவுதான். பக்கத்தில் நின்றிருந்த ரஸ்க்கே, "நெசந்தாங்க" என்றான்! எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்தப் பையன் பொய் சொல்லமாட்டான் கிளெல். நாம் விட்டால் முதல் முப்பது பேருக்குள் அவனை வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டுக்குப் போய், யாரும் பார்க்காத அரங்கத்தில் முப்பத்தெட்டுப் புள்ளி போட்டுக்கொண்டிருப்பான்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நேற்று டட்டில் என்னைப் பார்த்து, "அது சரி, கிளெல் இவனப் பாத்தாரே, அவரு சீட்டுல என்ன இருக்கு?" என்றார். அறை முழுக்க என் பக்கம் திரும்பியது.

நம் சீட்டுகள் இன்னும் என் கார் டேஷ்போர்டு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நீ போட்ட சட்டம். ஆட்டம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் காருக்கு வர வேண்டும். நீ அந்த ஜன்னலைப் பார்த்து, நான் இந்த ஜன்னலைப் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டு எழுத வேண்டும். எடு அல்லது விடு, ஏன் என்று இரண்டு வரி. உறையில் போட்டு ஒட்டியாக வேண்டும். ஜூனில் அறையில் எல்லோர் முன்னாலும் திறக்கும் வரை அந்தப் பையன் பேரையே நமக்குள் எடுக்கக் கூடாது. ஒருவர் கண் இன்னொருவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்பாய். நெப்ராஸ்காவில் ஒரு தடவை கழுத்து பிடித்துக்கொண்டதென்று லேசாகத் திரும்பினேன். எட்டிப் பார்த்தேன் என்று சொல்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. அதற்கப்புறம் கழுத்தே முறிந்தாலும் நான் திரும்பினதில்லை.

மேப்ரியைப் பார்த்த அன்றைக்குக் காரில் நீ அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? பேனா எழுதவில்லை என்று உதறி உதறிப் பார்த்தாய். "என் பேனா சரியில்ல, உன்னுதக் குடு" என்றாய். தோளுக்கு மேலே நீட்டினேன். "சனியன், இதுவும் வழுக்குது" என்றாய். நான் ஜன்னலைப் பார்த்தபடியே, ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம் என்றேன். நீயும் சிரித்தாய். அப்புறம் மோட்டல் வரைக்கும் நான் ஓட்ட, எந்த ஊர்க் கெளுத்தி மீன் வறுவல் உசத்தி என்று சண்டை. மறுநாள் காலை உணவகத்தில் உன் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. கெளுத்தி மீனைப் பற்றிப் பேசினதுதான் நாம் கடைசியாகப் பேசினது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

என் உறைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. உன் உறைக்குள் என்ன இருக்கிறதோ! 'விடு' என்று இருந்தால் மேப்ரியின் கதை அங்கேயே முடிந்தது. நீ சொன்னால் டட்டில் மறுபேச்சுப் பேசமாட்டார். அதனால் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். முன்கூட்டியே திறந்து பார்த்துக்கொள்ளட்டுமா? ஜோலீன், அப்பா தலையாட்டினால் எழுது.

தொப்பி போட்டுக்கொள். கடவுள் உன் பக்கம் இருக்கட்டும்; ஜோலீன் எப்படியும் இருப்பாள்.

உன் பழைய வழித்துணை,
நதீன் பிரூவிட்


சின்சினாட்டி
ஜூன் 12

அன்புள்ள கிளெல்,

ஜோலீனின் கடிதம் வந்தது. முன்கூட்டித் திறக்கட்டுமா என்ற இடத்தைப் படித்ததும் நீ தலையை எப்படி ஆட்டினாய் என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறாள். நாற்காலியே ஆடியதாம். அறையில் எல்லோர் முன்னாலும் திறக்கலாமா என்று கேட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கினாயாம். அவள் தந்திரமாக, "அப்பா, நீங்க எழுதினது எடுன்னா கண்ண மூடுங்க, விடுன்னா தொறங்க" என்று கேட்டதற்கு, ஒரு கண்ணை மட்டும் மூடினாயாம். படுபாவி. இத்தனைக்கு அப்புறமும் உனக்குக் குறும்பு போகவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் பதில் வருவதற்கு முன்னால் ஒரு நாள் காலை இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆவியில் ஒரு நிமிஷம் காட்டினால் பசை விட்டுவிடும், மறுபடி ஒட்டினால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெந்நீர் முழுக்க வற்றிக் கெட்டில் கருகிப் போயிற்று. உறையை மட்டும் திறக்கவில்லை. புதுக் கெட்டில் வாங்கியாயிற்று.

போன செவ்வாய்க்கிழமை மேப்ரியை நம் அரங்கத்துக்கு வரவழைத்து ஆடவைத்துப் பார்த்தோம். அவனோடு அவன் அம்மாவும் வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள், வாசலில் எபர்சோல் தன் காரைக் கோணலாக நிறுத்தியிருந்ததைப் பார்த்து, "தம்பி, இப்படியா நிறுத்துவாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

நான் கோச்சிடம் சொல்லி ஒரு சோதனை வைத்தேன். இருபது நிமிஷம் ஆடு, ஆனால் பந்தைத் தரையில் தட்டவே கூடாது. வந்தால் எறி, இல்லையென்றால் கொடு. முதல் ஆறு நிமிஷம் பையன் கரையில் போட்ட மீன்தான். இரண்டு முறை மறந்து தட்டினான், ஆட்டத்தை நிறுத்தினோம். மூன்றாவது முறை பந்துகள் அடுக்கியிருந்த தள்ளுவண்டியை ஓங்கி ஓர் உதை விட்டான். பன்னிரண்டு பந்தும் அரங்கம் முழுக்க உருண்டன. எபர்சோல் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். மேப்ரி தன்னைத்தானே வாய்க்குள் திட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்தாக ஓடிப் பொறுக்கி வண்டியில் அடுக்கிவிட்டு, "மறுபடி மொதல்லேருந்து வைங்க" என்றான். அப்புறம் இருபது நிமிஷமும் நன்றாக ஆடினான். பிரமாதம் என்று சொல்லமாட்டேன், நன்றாக ஆடினான்.

போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, "எங்க ஊர்ல இவன் புள்ளி போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்க. இங்க ஏன் போட்டன்னு கேக்கறீங்க. புள்ள எதைத்தாங்க கத்துக்கறது?" என்றாள். வாசல் வரை கூடவே நடந்து வழியனுப்பினேன், கிளெல். நீயாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

ஜூன் 23-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அறையில் உறைகளைத் திறக்கிறோம். அங்கே ஏழு மணி, நீ காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில் என்னை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

பயத்துடன்,
நதீன்


சின்சினாட்டி
ஜூன் 27

கிளெல்,

ஜோலீன், இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. அப்பாவையும் உட்கார வைத்துக்கொள். ஆனால் ஒரு வரியையும் விட்டுவிடாதே. இரண்டு நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதைத்தான் அனுப்புவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

23-ஆம் தேதி அறையில் டட்டில், கோச், எபர்சோல், நான். உன் நாற்காலியில் வழக்கமாக எபர்சோல் தன் பையை வைப்பான். அன்றைக்கு வைக்கவில்லை. சுவர்ப் பலகையில் ஒன்பதாவது இடத்தில் ஸ்டால் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. மேப்ரியின் சீட்டு அதற்குக் கீழே கோணலாகத் தொங்கியது. வழக்கப்படி என்னுடையதை முதலில் திறந்தேன். நவம்பரில் நான் எழுதியது இதுதான்: "விடு. தன்னைத் தவிர இந்தக் களத்தில் நான்கு பேர் இருப்பது இவனுக்குத் தெரியாது."

ஆமாம். இந்த ஆறு மாதமாக அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், முதல் நாள் எழுதிய தீர்ப்பு அதுதான். எபர்சோல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "நதீன், இதத்தானே நான் ஒரு மாசமாச் சொல்லிட்டிருக்கேன்!" என்றான். நான் ஒருமுறை பார்த்து எழுதினது அது, ஏழு முறை பார்த்துச் சொல்வது இது, புத்தி வந்ததற்கு வெட்கப்படமாட்டேன் என்றேன். ஆனால் காது மடல் சுட்டது. இனி எல்லாம் உன் சீட்டில்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

உன் உறையை டட்டிலிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தார். பார்த்தார். படிக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "நதீன், இது என்னிக்கு எழுதினது?" என்று கேட்டார். ஆட்டம் முடிந்த உடனே, காரில் என்றேன். "மறுநாள் காலைலதானே அவருக்கு...?" என்று நிறுத்திவிட்டார். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

முதல் மூன்று சொல் உன் கையெழுத்து. "பந்து இல்லாதபோது பார்." அதற்குக் கீழே எழுத்தே இல்லை, கிளெல். கோடு. ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, சரிந்து, தாளின் மூலையை விட்டு வெளியே ஓடின கோடு. இரண்டு பேனாவின் மையும் அதில் இருந்தது. உன் நீலம், என் கறுப்பு.

பேனா நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. உன் கைதான் எழுதவில்லை. ஓரடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, உன் கை உன்னைக் கைவிடுகிற நேரத்தில், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பழமொழி சொல்லியிருக்கிறேன். சட்டத்தை மீறி ஒரு நொடி திரும்பியிருந்தால் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பேன். மோட்டலுக்குப் போயிருக்கமாட்டோம், நேரே மருத்துவமனைக்குப் போயிருப்போம். மறுநாள் அந்த இளம் டாக்டர் என்னைக் கேட்டார், "முந்தின நாள் ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதாம்மா? கை மரத்துப்போறது, பொருள் நழுவறது?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்லைங்க, நல்லா சிரிச்சுப் பேசிட்டிருந்தாரு." அப்படித்தான் சொன்னேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு, கிளெல். ஜோலீன், நீயும்.

நான் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். எபர்சோல் ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சமாதானம் சொல்லத் தெரியாத பிள்ளை. கடைசியில், "அந்த நவம்பர் ஆட்டத்தோட வீடியோ நம்மகிட்ட இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா? இருக்கிறது, எடுத்துத் தொலை என்றேன்.

மறுநாள் காலை அவன் எல்லோரையும் கூட்டினான். கண் சிவந்திருந்தது. "கிளெல் பாதில விட்ட வாக்கியத்த முடிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு" என்றான். மேப்ரியின் கையில் பந்து இருந்த துண்டுகளையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பந்து இல்லாமல் அவன் நின்றது, நடந்தது, ஓடியது மட்டும் வரிசையாக ஒட்டியிருந்தான். பத்தொன்பது நிமிஷம். பல இடத்தில் பையன் முழங்காலில் கை வைத்துச் சும்மா நிற்கிறான், அதையும் மறைக்கவில்லை. "அவனப் பாக்காதீங்க, அவன் பின்னாடி எத்தன பேர் போறாங்கன்னு பாருங்க" என்றான்.

இரண்டு பேர், கிளெல். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர். அவன் தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பின்னாலேயே போவார்கள் போல இருந்தது. எபர்சோல் எண்ணி வைத்திருந்தான். நாற்பத்தொரு தடவை எதிரணியில் இரண்டு பேர் பந்தை விட்டுவிட்டு இவன் பின்னால் போயிருக்கிறார்கள். நாற்பத்தொரு தடவையும் களத்தின் மறுபாதி காலியாகக் கிடந்திருக்கிறது. அந்தக் காலி இடத்தில் ஆல்டர்ஃபோர்க்கில் இருந்தது ரஸ்க். எபர்சோல் வீடியோவை நிறுத்திவிட்டு, "இங்க அந்த எடத்துல டெலிஞ்சர் இருப்பான்" என்றான். கோச் நிமிர்ந்து உட்கார்ந்தார். எபர்சோல் என் முகத்தைப் பார்க்காமல், "ஒரே உறையில ரெண்டு கத்தி இல்லீங்க. நான் கணக்கு போட்டது பந்து போற எடத்த மட்டும். கிளெல் பாத்தது வேற" என்றான். அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இருபத்திரண்டு வருஷம் உன்கூடச் சுற்றிய நான் அன்றைக்குப் பார்க்காததை, நீ ஒரே ஆட்டத்தில், கை விழுந்துகொண்டிருக்கும்போது பார்த்திருக்கிறாய். அதை எடுத்துக் காட்டினதோ, ஆட்டத்துக்கே போகாத கணக்குப்பிள்ளை. டட்டில் எழுந்து போய் ஸ்டால் பெயரைப் பிய்த்துக் கீழே ஒட்டினார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

25-ஆம் தேதி ஒன்பதாவது முறையில் மேப்ரியை எடுத்தோம். டட்டில் போனில் அவனிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். பின்னணியில் அவன் அம்மா யாரையோ, "சும்மா இருங்களேன், காது கேக்கல" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். "மேடம், இனிமே பாஸ் பண்றேன், சத்தியமா. அங்கதான் போட்டா உள்ள போறவங்க இருக்காங்களே" என்றான். நான் சிரித்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லி, இவர்தான் உன்னைச் சரியாகப் பார்த்தவர், மறந்துவிடாதே என்றேன். யார் அவர் என்று கேட்டான். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்றேன். "ஐயோ, அவரா? பாதி ஆட்டத்துல வாளி நெறஞ்சு போச்சுன்னு அவருதான் தூக்கிட்டுப் போய்க் கொட்டினாரு" என்றான். ஆட்டத்துக்கு நடுவே அதையும் பார்த்திருக்கிறான் பார். பந்து அவன் கையில் இல்லாத நேரமாக இருக்கும்.

ஆனால் நீ எழுதினது 'எடு' தானா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பந்து இல்லாதபோது பார், ஒன்றுமே செய்யமாட்டான், விடு" என்றுகூட நீ எழுதியிருக்கலாம். ஜோலீன் கேட்டால் நீ கட்டைவிரலைத் தூக்கியோ இறக்கியோ சொல்லிவிடுவாய். வேண்டாம். ஜோலீன், கேட்காதே.

ஆட்ட அட்டவணை இன்னும் வரவில்லை. வந்ததும் பார்ப்பேன், குளிர்காலம் முடிவதற்குள் நம் அணி ஃபீனிக்ஸுக்கு ஒரு தடவையாவது வந்தே ஆக வேண்டும். உன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்தானே. நானே வந்து கூட்டிப்போகிறேன், இந்த முறையும் நான்தான் ஓட்டுவேன். மேப்ரி ஆடுவதைப் பார்ப்போம். முடிந்ததும் காருக்கு வருவோம், ஒரு வார்த்தை பேசமாட்டேன், அந்தச் சட்டம் இருக்கட்டும். உனக்கு ஒரு தாளும் என் பேனாவும் தருகிறேன். இடது கையால் எழுது. எவ்வளவு நேரமானாலும் எழுது, ஒரு சொல் போதும்.

உறை கொண்டுவரமாட்டேன். நீ கோபித்துக்கொண்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, இந்த முறை நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரப் போவதில்லை. நீ எழுதி முடிக்கும் வரை உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவரை நன்றாக இரு, கிளெல்.

உன்
நதீன்